பழைய கார்களுக்குப் புள்ளி போடுவது: மலைநாட்டுக் கண்காட்சிக்கு எந்த முறை சரிவரும்?

நுவரெலியாவில் ஏப்ரல் பருவத்தில் நடக்கும் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியில் யார் வென்றார் என்று வாதிட அதிகம் இடமில்லை. கடிகாரம் சொல்லிவிடுகிறது. அதே ஊரின் புல்தரையில் 36 பழைய கார்களை வரிசையாக நிறுத்தி, எது சிறந்தது என்று ஆறு பேரைக் கேட்டால் ஆறு பதில் வரும். ஆறு பேரும் நேர்மையானவர்களாக இருந்தாலும் வரும். கண்காட்சி முடிந்து கார்க்காரர்கள் முகம் சுளித்துக்கொண்டு மலையிறங்குவதற்குப் பெரும்பாலும் கள்ளத்தனம் காரணமில்லை, நடுவர்களைப் பிரித்துவிட்ட விதம்தான் காரணம்.

இந்த ஒப்பீடு ஒரு குறிப்பிட்ட அளவிலான கண்காட்சிக்கானது: 30 முதல் 40 கார்கள், சம்பளம் இல்லாமல் வரும் ஆறு நடுவர்கள், காலை 9 மணிக்குத் தொடங்கிப் பகல் 12 மணிக்குள் முடிக்க வேண்டிய வேலை. ஏப்ரலில் பிற்பகல் மழையை நம்ப முடியாது என்பதால் 12 மணி என்பது கறாரான எல்லை. நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளை, கண்டி எங்கே நடத்தினாலும் கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான். 200 கார் வரும் கொழும்புக் கண்காட்சிக்கு இது பொருந்தாது.

புள்ளித்தாள் இல்லாமல் தேர்வது

நடுவர்கள் சேர்ந்து நடந்து, பார்த்து, பேசி, "இதுதான்" என்று சொல்வது ஒரு முறை. உலகெங்கும் இதைப் பிரெஞ்சு முறை என்பார்கள். வடிவழகு, நேர்த்தி, காரின் வரலாறு, அது நிற்கும் கம்பீரம் எல்லாவற்றையும் மொத்தமாகப் பார்ப்பது. விரைவாக முடியும். ஒரு மணி நேரத்தில் 36 காரையும் சுற்றிவிடலாம். திருகாணியின் தலை சரியா பிழையா என்று யாரும் மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

குறை இரண்டு. முதலாவது, தோற்றவருக்குச் சொல்ல எதுவும் இருக்காது. "உங்கள் கார் நல்லதுதான், ஆனால் அது இன்னும் நல்லது" என்பதை வைத்துக்கொண்டு அடுத்த வருடத்துக்கு எதைத் திருத்துவது? இரண்டாவது, மூத்தவரின் குரல் ஓங்கிவிடும். நம் ஊர்களில் 70 வயது ஐயா ஒருவர் "இந்த ரைலிக்குக் கிட்ட எதுவும் வராது" என்று சொன்ன பிறகு, 30 வயது நடுவர் வாய் திறப்பதில்லை. ஆறு நடுவர் இருந்தும் ஒரு நடுவரின் தீர்ப்புதான் கிடைக்கும்.

ஆனாலும் இதைத் தள்ளிவிட வேண்டாம். கண்காட்சியின் ஒரேயொரு பெரிய பரிசுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஏன் என்பது பின்னால் வரும்.

பார்வையாளர் வாக்கு

இது நீதியான முறையா என்று ஆராயவே தேவையில்லை. பெரிய குடும்பம் உள்ளவர் வெல்வார், அல்லது சிவப்புக் கார் வெல்லும். தனியாக ஒரு பரிசு வைத்து, நுழைவுச் சீட்டின் துண்டிலேயே கார் இலக்கத்தை எழுதிப் போடச் சொன்னால் போதும். ஒரு சீட்டுக்கு ஒரு வாக்கு. மற்றப் பரிசுகளோடு இதைக் கலக்காதீர்கள்.

புள்ளி கழிப்பது

ஒவ்வொரு காரும் முழுப் புள்ளியோடு தொடங்கும். குறை கண்ட இடத்தில் கழிப்பார்கள். அமெரிக்காவின் பழங்கார்ச் சங்கமான ஏஏசிஏ 400 புள்ளியிலிருந்து கழிக்கிறது. கோர்வெட் கார்களுக்கான என்சிஆர்எஸ் சங்கம் 4,500 புள்ளி வைத்து, திருகாணியின் பூச்சுவரை பார்க்கிறது. அவர்களிடம் ஒரே ரகக் காரை வருடக்கணக்காகப் படித்த நடுவர்களும் தடித்த கைநூல்களும் உண்டு. நம்மிடம் இரண்டும் இல்லை. 100 புள்ளி போதும். அதைவிடக் கூட்டினால் துல்லியம் கூடியதுபோலத் தோன்றும், அவ்வளவுதான்.

100ஐ எப்படிப் பங்கிடுவது? எங்கள் பரிந்துரை: வெளியுடலும் பெயின்டும் 30, உள்ளே 20, எஞ்சின் அறை 20, அடிப்பக்கமும் சில்லுகளும் 20, வேலை செய்கிறதா என்ற சோதனை 10. கடைசியானது லைட், ஹோர்ன், வைப்பர், சிக்னல் ஆகியவை மட்டும்.

"பெயின்டுக்கு 10க்கு எத்தனை?" என்று தாளில் கேட்பதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் ஊற்று. ஒருவருக்கு 7 என்றால் "மோசமில்லை", இன்னொருவருக்கு 7 என்றால் "ஏமாற்றம்". அதற்குப் பதிலாகக் குறையின் பெயரையும் அதன் விலையையும் தாளிலேயே அச்சிட்டுவிட வேண்டும். இரண்டு அங்குலத்துக்குக் குறைந்த கீறல் ஒன்றுக்கு அரைப் புள்ளி. துருக் கொப்பளம் ஒன்றுக்கு 1, அதிகபட்சம் 3. பள்ளத்தை நிரப்பப் பூசும் கெட்டலோய் பட்டியின் அலை தெரியும் பலகை ஒன்றுக்கு 1, அதிகபட்சம் 4. நிக்கல் உரிந்த பம்பர் ஒன்றுக்கு 1. வெடித்த ஜன்னல் ரப்பர் ஒன்றுக்கு அரை. இல்லாமலே போன பாகத்துக்கு 2. அதிகபட்சம் என்ற எல்லை ஒவ்வொரு வரிக்கும் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கண்டிப்பான நடுவர் ஒரே கதவில் கீறல்களை எண்ணி எண்ணி எட்டுப் புள்ளியை விழுங்கிவிடுவார்.

இன்னொரு விதி: ஒரு குறைக்கு ஓரிடத்தில் மட்டுமே கழிக்கலாம். நசுங்கிய கதவில் பெயின்டும் வெடித்திருந்தால் அது நசுங்கலிலேயே அடங்கும். பெயின்டுக்குத் திரும்பவும் வெட்டக்கூடாது. கழித்த ஒவ்வொன்றுக்கும் இடத்தையும் காரணத்தையும் மூன்று சொல்லாவது எழுத வேண்டும். "இடப்பக்க பின்கதவு, அடி, துரு." காரணம் எழுதாத கழிவு செல்லாது.

காராகப் பிரிப்பதா, பகுதியாகப் பிரிப்பதா?

உண்மையான முடிவு இங்கேதான் இருக்கிறது. புள்ளித்தாள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இதில் தவறினால் எல்லாம் வீண்.

ஆறு நடுவர்களை மூன்று சோடியாக்குகிறோம். வழக்கமான வழி, சோடிக்கு 12 கார் என்று பிரித்துக் கொடுப்பது. ஒரு காருக்கு 12 நிமிடம், அடுத்த காருக்கு நகர 1 நிமிடம். 12 காருக்கு 156 நிமிடம், அதாவது 2 மணி 36 நிமிடம்.

மற்ற வழி, ஒவ்வொரு சோடியும் 36 காரையும் பார்ப்பது, ஆனால் ஒரு பகுதியை மட்டும். முதல் சோடி வெளியுடலும் பெயின்டும். இரண்டாவது உள்ளேயும் வேலைச் சோதனையும். மூன்றாவது எஞ்சினும் அடிப்பக்கமும். காருக்கு 4 நிமிடம், நகர 1 நிமிடம். 36 காருக்கு 180 நிமிடம், சரியாக 3 மணி நேரம்.

வித்தியாசம் 24 நிமிடம் மட்டுமே. அந்த 24 நிமிடத்துக்குக் கிடைப்பது என்ன? முதல் வழியில் ஒரு சோடி இளகிய கை, காருக்குச் சராசரி 6 புள்ளி வெட்டுகிறது. இன்னொரு சோடி இறுகிய கை, அதே தரக் காருக்கு 11 வெட்டுகிறது. யாரிடம் விழுந்தோம் என்பதே ஒரு காரின் பரிசைத் தீர்மானித்துவிடும். இரண்டாவது வழியில் இறுகிய கை எல்லாக் காரிலும் இறுக்கமாகவே விழும். 36 பேருக்கும் ஒரே அளவு குறையும், வரிசை மாறாது. கண்டிப்பானவரை மென்மையாக்கவோ மென்மையானவரைக் கண்டிக்கவோ வேண்டியதில்லை.

முதல் வழியில் ஒரு நடுத்தர ஏற்பாடும் உண்டு. 12 மொரிஸ் மைனரும் ஒரே சோடிக்கு, லேண்ட் ரோவர் எல்லாம் இன்னொரு சோடிக்கு என்று வகுப்பாகப் பிரிப்பது. வகுப்புக்குள் இது நியாயமானது, அந்த ரகத்தை நன்கு அறிந்தவரை அங்கே போடலாம் என்ற ஆதாயமும் உண்டு. ஆனால் மைனர் வகுப்பில் வென்ற கார் 94, லேண்ட் ரோவர் வகுப்பில் வென்றது 91 என்பதால் மைனர் கண்காட்சியின் சிறந்த கார் ஆகிவிடாது. அந்த இரண்டு எண்ணையும் வெவ்வேறு கைகள் எழுதின. இதைக் கவனிக்காமல் அதிக எண்ணுக்குப் பெரிய கிண்ணத்தைக் கொடுப்பதுதான் சிறிய கண்காட்சிகளில் மிக அதிகமாக நடக்கும் பிழை.

பகுதி முறைக்கும் நோய் உண்டு. எஞ்சின் சோடி எப்போதும் பின்தங்கும், ஏனென்றால் குனிய வேண்டும், டோர்ச் அடிக்க வேண்டும், ஈரப் புல்லில் சாக்கு விரித்துப் படுக்க வேண்டும். அவர்களை 15 நிமிடம் முன்னதாகத் தொடங்க வையுங்கள். பொனட்டைத் திறந்துவைக்க ஒரு இளைஞரை ஒரு கார் முன்னால் நடக்கவிடுங்கள். கைக்கழி நுனியில் கட்டிய கண்ணாடி ஒன்றைக் கொடுத்தால் படுக்கும் வேலை பாதியாகும்.

அடுத்த நோய் களைப்பு. முதல் காருக்கு இருந்த கண் 30ஆவது காருக்கு இருக்காது. சிலர் போகப் போகக் கண்டிப்பாவார்கள், பலர் போகப் போக இளகுவார்கள். இதற்கு எளிய மருந்து: மூன்று சோடிகளும் வெவ்வேறு காரிலிருந்து தொடங்குவது. ஒன்று 1ஆம் இலக்கத்திலிருந்து, இன்னொன்று 13இலிருந்து, மற்றது 25இலிருந்து. அப்போது எந்தக் காரும் மூன்று சோடிக்கும் கடைசியாக வராது. முடிந்ததும் ஒவ்வொரு சோடியும் தாம் முதலில் பார்த்த காரை ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும். பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் 2க்கு மேல் வித்தியாசம் இருந்தால் முதல் நான்கைந்து காரையும் மீண்டும் பார்க்க வேண்டும்.

சோடிக்குள் ஒரு ஒழுங்கு: முதலில் இருவரும் தனித்தனியாக எழுதுவது, பிறகே பேசுவது. 2 புள்ளிக்குள் இருந்தால் சராசரி. அதற்கு மேல் போனால் இருவரும் சேர்ந்து அந்தப் பகுதியைத் திரும்பப் பார்ப்பது. பேசிவிட்டு எழுதினால் மேலே சொன்ன மூத்த குரல் இங்கேயும் வந்துவிடும்.

கூட்டும்போது வரும் கோளாறு

ஒரே காரைப் பலர் முழுதாகப் பார்த்து எண்களைக் கூட்டும் முறையை விரும்புபவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். மூன்று நடுவர், மூன்று கார் என்று வையுங்கள்.

முதல் நடுவர்: மைனருக்கு 92, சோமர்செட்டுக்கு 91, பீட்டிலுக்கு 90.
இரண்டாம் நடுவர்: 91, 90, 89.
மூன்றாம் நடுவர்: 70, 84, 80.

கூட்டினால் மைனர் 253, சோமர்செட் 265, பீட்டில் 259. இரண்டு நடுவர் முதலிடம் கொடுத்த மைனர் கடைசி. எண்களை விட்டு இடங்களைக் கூட்டிப் பாருங்கள்: மைனர் 1, 1, 3 என்று 5. சோமர்செட் 2, 2, 1 என்று அதுவும் 5. சமநிலை. நடு எண்ணை மட்டும் எடுங்கள்: மைனர் 91, சோமர்செட் 90, பீட்டில் 89. இப்போது மைனர் முதல். தாள்கள் அதேதான், மூன்று கணக்குக்கு மூன்று முடிவு.

காரணம் வீச்சு. முதல் இருவரும் 2 புள்ளிக்குள் எல்லாவற்றையும் அடக்கினார்கள், மூன்றாமவர் 14 புள்ளி அகலத்தில் எழுதினார். அகலமாக எழுதுபவரின் வாக்குக்கு எடை கூடிவிடுகிறது. ஆனால் மூன்றாமவர் தவறு என்றும் சொல்லிவிட முடியாது. அவர் மட்டும்தான் குனிந்து முன் சேஸிஸ் காலைப் பார்த்திருக்கலாம். மைனரில் அதுவும் பின் ஸ்பிரிங் தாங்கிகளும் துரு முதலில் தின்னும் இடங்கள். மேலே கண்ணாடிபோல் பளபளக்கும் கார் அடியில் பொருத்துத் தகடாக இருப்பது அரிதில்லை. எண்களில் 20 புள்ளி இடைவெளி விழுந்தால் எந்தக் கணக்கும் அதைத் தீர்க்காது. மூவரையும் அந்தக் காருக்குத் திரும்ப அனுப்ப வேண்டும். 10 புள்ளிக்கு மேல் பிரிந்தால் தாள் ஏற்கப்படாது என்று முன்கூட்டியே எழுதிவையுங்கள்.

அதிகத்தையும் குறைவையும் நீக்கிவிட்டு மிச்சத்தைச் சராசரி எடுப்பது ஐந்து நடுவர் ஒரே காரைப் பார்க்கும்போது நல்லது. மூன்று பேரில் நீக்கினால் ஒருவரே மிஞ்சுவார். பகுதி முறையில் இந்த நீக்கல் வேலைக்கே ஆகாது, ஏனென்றால் அங்கே மூன்று எண்ணும் மூன்று வெவ்வேறு பொருளைப் பற்றியவை. பகுதி முறையில் வீச்சுக் கோளாறு வேறு உருவத்தில் வரும்: உள்ளே பார்க்கும் சோடி எல்லாருக்கும் 18, 19 என்றே போட்டால், எஞ்சின் சோடி ஒன்றே கண்காட்சியைத் தீர்மானிக்கும். விலை அச்சிட்ட தாள் இதைப் பெருமளவு தடுக்கும். மிச்சத்துக்கு மாதிரிக் கார் உதவும்.

மாதிரிக் கார் என்பது போட்டியில் இல்லாத, நடுத்தரமான ஒரு கார். காலை 8 மணிக்கு ஆறு பேரும் அதற்கு எல்லாப் பகுதிகளிலும் தனித்தனியே புள்ளி போட்டு, சத்தமாக வாசிக்க வேண்டும். ஒரு பகுதியில் 3க்கு மேல் பிரிந்தால் ஏன் என்று பேச வேண்டும். 25 நிமிடம் போதும். மிகச் சிறந்த காரை மாதிரிக்கு எடுக்காதீர்கள். அதில் கழிக்க எதுவும் இருக்காது, எல்லாரும் ஒத்துப்போனதுபோல் ஏமாற்றும்.

தங்கம், வெள்ளி, வெண்கலம்

காரைக் காரோடு ஒப்பிடாமல் அளவுகோலோடு ஒப்பிடுவது இன்னொரு வழி. 90க்கு மேல் தங்கம், 80க்கு மேல் வெள்ளி, 70க்கு மேல் வெண்கலம். எத்தனை பேரும் தங்கம் வாங்கலாம். என்சிஆர்எஸ் இப்படித்தான் 94, 85, 75 வீத எல்லைகளை வைத்திருக்கிறது. தெரிந்தவர்களே திரும்பத் திரும்பச் சந்திக்கும் மலைநாட்டு வட்டத்துக்கு இது மிகப் பொருத்தம், ஏனென்றால் ஒருவர் பெற இன்னொருவர் இழக்க வேண்டியதில்லை.

ஆனால் இங்கே கை இறுக்கம் திரும்பவும் முக்கியமாகிவிடும். பகுதி முறையில் வரிசை காப்பாற்றப்படும், எல்லை காப்பாற்றப்படாது. மூன்று சோடியும் இறுகிய கையாக இருந்தால் ஒரு தங்கமும் விழாது. எல்லைக்கு ஒரு புள்ளி அருகில் நிற்கும் கார்களை, 89, 89.5 போன்றவற்றை, ஆறு பேருக்கும் புறம்பான தலைமை நடுவர் சொந்தக்காரர் பெயர் தெரியாமல் இலக்கத்தை மட்டும் வைத்துத் திரும்பப் பார்க்க வேண்டும். கூட்டலைச் சரிபார்ப்பதும் இந்த மறுபார்வையும்தான் தலைமை நடுவரின் வேலை, அவர் தாமாகப் புள்ளி போடக்கூடாது.

மலைக்கே உரிய சில்லறைகள்

காலை 8 மணிக்கு நுவரெலியாப் பனியில் நிற்கும் காரின் பெயின்டைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. மேலே ஈரம் படிந்திருக்கும், வெளிச்சம் பரவலாக இருக்கும், சுழல் கீறலும் தேய்ப்புக் காகிதத் தடமும் கண்ணுக்குத் தெரியாது. 10:30க்கு வெயில் அடித்ததும் அதே கார் எல்லாவற்றையும் கொட்டிவிடும். பனியில் பார்த்த காருக்கு 28, வெயிலில் பார்த்த காருக்கு 24 என்று விழுந்தால் அது நடுவரின் பிழையல்ல. வெளியுடல் சோடியை மட்டும் ஈரம் துடைத்த பின் 9:30க்குத் தொடங்கவைத்து, எல்லாக் காருக்கும் ஒரே டோர்ச்சை ஒரே கோணத்தில் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தச் சோடி மட்டும் 12 மணி எல்லையைத் தாண்டி 12:30க்குத்தான் முடிக்கும் என்பதைக் கணக்கில் எடுங்கள். நிழல் மரத்தடியில் யார் நிற்பது, வெட்டவெளியில் யார் என்பதையும் சீட்டுக் குலுக்கிப் போட வேண்டும்.

கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் சரிசெய்த எஸ்யூ காபரேட்டர் இங்கே பெற்றோலைக் கூடுதலாகக் கொடுக்கும். வேகமில்லாமல் நிற்கும்போது எஞ்சின் திணறும், சிலென்சர் வாயில் கரி படியும். உள்ளூர்க் கார் இந்த உயரத்துக்கே சரிசெய்யப்பட்டிருப்பதால் சீராக ஓடும். எஞ்சின் ஓடும் அழகுக்குப் புள்ளி வைத்தால் கீழிருந்து வருபவர் தமது உழைப்புக்குச் சம்பந்தமில்லாமல் 2, 3 புள்ளி இழப்பார். ஆகவே ஸ்டார்ட் ஆகிறதா, எண்ணெய் ஒழுகுகிறதா என்று மட்டும் பாருங்கள். சீராக ஓடுவதற்குப் புள்ளி வேண்டாம்.

ரம்பொடை வழியாக மழையில் ஏறிவந்த காரின் மட்காட்டுக்குள் செம்மண் இருக்கும். லொறியில் ஏற்றி வந்த காரில் இருக்காது. ஓட்டிவந்தவரைத் தண்டிக்காமலிருக்க வேண்டுமானால், கழுவவும் துடைக்கவும் 7 முதல் 8:45 வரை நேரமும் தண்ணீரும் கொடுங்கள். 8:45க்குத் துணியைக் கீழே வைக்க வேண்டும். அதன்பின் விழும் தூசிக்கும் தூறலுக்கும் யாரும் கழிக்கக்கூடாது.

எது அசல்?

1960களிலிருந்து 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த நாட்டில் காரின் பாகம் கடையில் வாங்கியதாகவே இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. உள்ளூர்ப் பட்டறையில் கடைந்தெடுத்த பாகங்களோடுதான் பல கார்கள் இன்றுவரை ஓடிவந்திருக்கின்றன. ஃபீவா என்ற உலகப் பழங்கார்ச் சம்மேளனம் 30 வயதான வாகனங்களையே வரலாற்று வாகனமாகக் கொண்டு, அசல், நம்பகம், மீட்டமைத்தது, மறுபடி கட்டியது என்று நான்கு பிரிவாகப் பார்க்கிறது. 36 காருக்கு நான்கு பிரிவு அதிகம். மூன்று போதும்: கைபடாமல் காப்பாற்றியவை, மீட்டமைத்தவை, மாற்றம் செய்தவை. ஜப்பான் எஞ்சின் போட்ட மைனர் மூன்றாவதில் நிற்கட்டும், அங்கே அது வெல்லலாம். இந்தப் பிரிவுகளைக் குழப்பினால் எந்தப் புள்ளித்தாளும் காப்பாற்றாது: 1955இல் பூசிய பெயின்டு மங்கிய காரையும் சென்ற மாதம் டூ பேக் என்ற நவீன பெயின்டு அடித்த காரையும் ஒரே தாளில் அளக்க முடியாது.

தொழிற்சாலையில் இருந்ததைவிட மினுக்கமாகச் செய்ததற்குக் கூடுதல் புள்ளி இல்லை. அதற்காகக் கழிப்பதும் இல்லை.

நடுவருக்குத் தெரியாத ரகம் வந்தால் ஊகத்தில் கழிக்கக்கூடாது. 1956க்கு முந்திய மைனரில் முன் கண்ணாடி இரண்டாகப் பிரிந்திருக்கும், 1961 வரை சிக்னலுக்குப் பதில் கை நீட்டும் டிரஃபிகேட்டர் இருக்கும். இதை அறியாமல் "லைட் இல்லை" என்று 2 வெட்டுவது உண்டு. பாதுகாப்புக்காகப் பின்னர் சேர்த்த மினுக்கு சிக்னலுக்கும் கழிக்க வேண்டாம், மலைப்பாதையில் அது தேவை. லேண்ட் ரோவரில் காந்தம் ஒட்டவில்லை என்று பட்டியைச் சந்தேகிப்பதும் அப்படித்தான்: அதன் உடல் அலுமினியக் கலவை, துரு தேட வேண்டிய இடம் சேஸிஸும் பின் குறுக்குச் சட்டமும். எப்படியானாலும் நடுவர் காந்தத்தையோ விரலையோ பெயின்டில் வைக்கக்கூடாது. ஐயம் வந்தால் பலன் கார்க்காரருக்கு.

தெரிந்த முகங்கள்

ஹட்டனில் மூன்று கார்கள் ஒரே மெக்கானிக் பாஸின் கராஜில் பெயின்ட் அடித்தவையாக இருக்கும், அந்த பாஸே நடுவராகவும் வருவார். அவரை நீக்கினால் எஞ்சின் தெரிந்தவர் யாரும் இல்லை. பகுதி முறையின் இன்னொரு நன்மை இங்கே வெளிப்படும்: அவர் அந்த மூன்று காரில் மட்டும் ஒதுங்கினால் போதும், சோடியிலுள்ள மற்றவரின் எண் மட்டும் எடுக்கப்படும். சொந்தக் கார், உறவினர் கார், கடந்த 3 வருடத்தில் தாம் விற்ற, வாங்கிய, திருத்திய கார் ஆகியவற்றில் ஒதுங்க வேண்டும். காலையிலேயே பட்டியலைப் பார்த்துக் கையெழுத்திட்டுச் சொல்லிவிட்டால் சங்கடம் குறையும். சொல்லாமல் விட்டது பின்னர் தெரியவந்தால் அந்தத் தாள் செல்லாது. முடிந்தால் பண்டாரவளைக் கண்காட்சிக்கு ஹட்டன் நடுவர்களும், ஹட்டனுக்குப் பண்டாரவளையினரும் மாறிப் போவது நல்லது.

கார்க்காரர் கதவையும் பொனட்டையும் திறந்து, கேட்டால் பதில் சொல்லி, மூன்றடி பின்னால் நிற்க வேண்டும். பேச்சு வல்லவரின் காரில் குறைகள் கண்ணில் படுவதில்லை. தாள் ஒப்படைக்கும்வரை கார்க்காரர் கையால் தேத்தண்ணி வாங்கக்கூடாது என்ற விதி மலைநாட்டில் கடைப்பிடிக்க மிகக் கடினமானது. ஏற்பாட்டாளர்களே ஒரு பிளாஸ்க்கோடு ஆளை நடுவர்களுக்குப் பின்னால் அனுப்பிவிடுவது சுலபம்.

ஆக, எதை எடுப்பது?

36 கார், ஆறு நடுவர் என்ற நிலையில்: விலை அச்சிட்ட 100 புள்ளித் தாள், பகுதியாகப் பிரிந்த மூன்று சோடிகள், பரிசு தங்கம் வெள்ளி வெண்கலமாக, மூன்று பிரிவுகளில். கண்காட்சியின் சிறந்த கார் என்ற ஒன்றை மட்டும் ஒவ்வொரு பிரிவிலும் அதிகப் புள்ளி பெற்ற இரண்டிலிருந்து, ஆறு பேரும் பேசாமல் சீட்டில் எழுதித் தேர வேண்டும். அழகையும் வரலாற்றையும் 100க்குள் அடக்க முயலாமல் இங்கே விட்டுவிடலாம். வாக்கு சமமானால் தலைமை நடுவர் சொல்வது முடிவு.

பத்து நடுவருக்கு மேல் கிடைத்தால், வகுப்புக்கு ஒரு குழு என்று பிரிப்பது மேல், ரகம் அறிந்தவரைப் பயன்படுத்தலாம். 15 காருக்குக் குறைவாக வந்தால் ஆறு பேரும் எல்லாவற்றையும் பார்த்து நடு எண்ணை எடுக்கலாம். ஒரு ரகத்துக்கு மட்டுமான கூடல் என்றால், உதாரணமாக மைனர் மட்டும், புள்ளித்தாளின் அசல் வரிகளை நீட்டலாம்.

பிரேக், சில்லு, ஸ்டியரிங் பாதுகாப்பைப் புள்ளிக்குள் கொண்டுவராதீர்கள். மைனரின் முன் சில்லைத் தாங்கும் கீழ் டிரனியன் மூட்டுக்கு கிரீஸ் போகாவிட்டால் அது தேய்ந்து, ஒருநாள் சில்லு மடிந்து விழும். இதற்கு அரைப் புள்ளி வெட்டுவது கேலிக்கூத்து. நுழைவாயிலிலேயே ஆம், இல்லை என்று சோதித்து, இல்லை என்றால் கார் நிற்கட்டும், ஓட்டிச் செல்ல வேண்டாம் என்று சொல்லுங்கள்.

தாள்களைப் பரிசளிப்புக்கு முன்னரே ஒவ்வொருவருக்கும் கொடுத்துவிட வேண்டும். முறையீட்டுக்கு 30 நிமிடம். கூட்டல் பிழைக்கும் உண்மைப் பிழைக்கும் மட்டும் முறையிடலாம்: "என் காரில் டிரஃபிகேட்டர்தான் அசல்" என்பது ஏற்கத்தக்கது, "பெயின்டுக்கு 2 கூட வெட்டிவிட்டீர்கள்" என்பது ஏற்கத்தக்கதல்ல. அன்று காலை ஆறில் நான்கு நடுவர்தான் வந்தார்கள் என்றால் சோடிகளைக் கலைத்து ஆளுக்கு ஒரு பகுதி கொடுங்கள்: வெளியுடல் ஒருவர், உள்ளேயும் வேலைச் சோதனையும் ஒருவர், எஞ்சின் ஒருவர், அடிப்பக்கம் ஒருவர். யாராவது ஒரு காரில் ஒதுங்க நேர்ந்தால் அந்தப் பகுதியை மட்டும் தலைமை நடுவர் பார்க்கலாம், அவர் புள்ளி போட அனுமதிக்கப்படும் ஒரே சந்தர்ப்பம் அதுதான்.